குட்டிக்குப் பேப்பர் எடுக்க முன்: பெற்றோருக்கான சோதனையும் பதிவும்

கேள்வி சுருக்கமாக இதுதான். பண்டாரவளையில் ஒரு வீட்டில் 20 மாத லெப்ரடோர் பொட்டை இருக்கிறது, கென்னல் சங்கப் பேப்பரும் (வம்சாவளிச் சான்றிதழ்) உண்டு. சோடி சேர்க்க இரண்டு கடுவன்களைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று கண்டியில் உள்ள பேப்பர் லெப்ரடோர். மற்றது பக்கத்துத் தோட்டத்து ஜேர்மன் ஷெப்பர்ட், நம் பக்கத்தில் இன்னும் அல்சேஷன் என்று சொல்லும் நாய். என்னென்ன சோதனை செய்ய வேண்டும், குட்டிகளை எப்படிப் பதிவது, கிராஸ் குட்டிக்கும் பேப்பர் கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.

முதலில் 'பதிவு' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் மூன்று வேறு காரியங்களை ஒரே சொல்லால் சொல்கிறார்கள். முதலாவது, 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிலோ நகர சபையிலோ ஆண்டுதோறும் செய்வது. அதற்கு விசர்நாய்த் தடுப்பூசி அட்டை வேண்டும். நாய் எந்த இனம் என்பது அங்கே பொருட்டல்ல. லயத்து நாட்டு நாய்க்கும் பங்களா நாய்க்கும் ஒரே சட்டம். இரண்டாவது இனப் பதிவு. கொழும்பில் இயங்கும் கென்னல் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீலங்கா போன்ற சங்கம், தாய் தகப்பன் இருவரும் ஒரே இனத்தில் பதிவானவர்கள் என்று பார்த்துக் குட்டிக்கு வம்சாவளிச் சான்றிதழ் தருவது. மூன்றாவது உடல்நலப் பதிவு. பெற்றோரின் எக்ஸ்ரே, கண், மரபணுச் சோதனை முடிவுகள் ஒரு பொது ஆவணத்தில் ஏறுவது.

வம்சாவளிச் சான்றிதழ் பாட்டன் பூட்டன் யார் என்பதைச் சொல்லும். இடுப்பு மூட்டு நன்றாக இருக்கிறதா, ஐந்து வயதில் கண் போகுமா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. 'பேப்பர் உள்ள நாய், அதனால் நல்ல நாய்' என்று நம்பி இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்துக் குட்டி வாங்குகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தக் காசுக்கு அவர்கள் உண்மையில் பார்க்க வேண்டியது மூன்றாவது பதிவை.

இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிவைப்பது, நாயின் தோலுக்கடியில் ஊசியால் போடும் மைக்ரோசிப்பின் எண். ஆகவே வேலை அங்கிருந்து தொடங்க வேண்டும். ஐ.எஸ்.ஓ 11784, 11785 தரத்தில் உள்ள, 15 இலக்க எண் கொண்ட, 134.2 கிலோஹேர்ட்ஸ் சிப்பைக் கேட்டு வாங்குங்கள். 9 அல்லது 10 இலக்கமுள்ள பழைய வகைச் சிப்பைப் பல வாசிப்பான்கள் காட்டாது. ஊசி போடும் முன் வைத்தியர் கழுத்து, தோள், முன்னங்கால் மேற்பகுதி எல்லாம் வாசிப்பானை ஓட்டிப் பார்க்க வேண்டும். வாங்கிய நாய்க்கு ஏற்கெனவே ஒரு சிப் போட்டு, அது நகர்ந்து முழங்கை வரை இறங்கியிருக்கலாம். ஒரே நாய்க்கு இரண்டு எண் வந்துவிட்டால் பழைய முடிவு ஓர் எண்ணிலும் புதிய முடிவு இன்னோர் எண்ணிலும் நிற்கும். பிறகு எந்தச் சங்கமும் அதை ஒரே நாய் என்று ஏற்க யோசிக்கும். சிப் போட்ட பின்னரே எக்ஸ்ரேயும் மரபணு மாதிரியும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது நாய்களின் மூட்டுப் படங்களைத் தரம் பார்த்துப் பட்டியலிடும் அமெரிக்க அமைப்பான ஓ.எஃப்.ஏ தரும் இடுப்பு மூட்டு எண்ணை ஒருமுறை உற்றுப் பார்த்தால் விளங்கும். முதலில் இனத்தின் குறியெழுத்து, லெப்ரடோருக்கு எல்.ஆர். அடுத்து வரிசை எண். அதை ஒட்டி ஈ, ஜி, எஃப் என்ற மூன்றில் ஒன்று: எக்ஸலன்ட், குட், ஃபெயார். பிறகு எக்ஸ்ரே எடுத்தபோது நாய்க்கு எத்தனை மாதம் என்ற இலக்கம். பிறகு ஆணா பெண்ணா என்ற எழுத்து. கடைசியில் வி.பி.ஐ அல்லது நோபி. வி.பி.ஐ என்றால் வைத்தியர் சிப்பை வாசித்து உறுதிப்படுத்தினார் என்று அர்த்தம். நோபி என்றால் நிரந்தர அடையாளம் இல்லை. எந்த நாயைப் படம் பிடித்தார்கள் என்பதற்குச் சொந்தக்காரரின் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் கிடையாது. 'கடுவனுக்கு ஓ.எஃப்.ஏ குட் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அந்தக் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். எண்ணைக் கேட்டு அவர்களுடைய இணையப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். அங்கே பெயர் இல்லை என்றால் சோதனையே செய்யவில்லை என்று முடிவு கட்டவும் முடியாது. குறைபாடான முடிவு, சொந்தக்காரர் சம்மதித்தால்தான் பொதுவில் வரும். சோதனை செய்தோம் என்று சொல்லி எண்ணை மட்டும் காட்ட மறுப்பவரிடம் ஒதுங்கி நிற்பது நல்லது.

இனி இடுப்பு மூட்டு. லெப்ரடோருக்கும் அல்சேஷனுக்கும் இரண்டுக்குமே முதல் சோதனை இதுதான். ஓ.எஃப்.ஏயின் இறுதித் தரம் 24 மாதம் முடிந்த பிறகுதான் கிடைக்கும், அதற்கு முன் எடுத்தால் முன்னோட்டம் மட்டும். கென்னல் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐயின் முறை ஏ முதல் ஈ வரை ஐந்து தரம் பிரிக்கிறது, பெரும்பாலான இனங்களுக்கு 12 மாதத்திலிருந்து பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் முறையில் இரு பக்கமும் சேர்த்து 0 முதல் 106 வரை புள்ளி. குறையக் குறைய நல்லது. உங்கள் பொட்டைக்கு 20 மாதம் என்பதால் இன்னும் நான்கு மாதம் பொறுங்கள். அடுத்த முறை உதிரம் போகும்போதே சேர்த்துவிடலாம் என்ற அவசரம் வேண்டாம். உதிரம் போகும் நாட்களில் எக்ஸ்ரே எடுக்கவும் கூடாது. அப்போதும் சினைக் காலத்திலும் குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் மூட்டுத் தசைநார்கள் தளர்ந்திருக்கும், நல்ல மூட்டும் தளர்வாகத் தெரியும். உதிரம் நின்றோ பால் மறந்தோ மூன்று நான்கு வாரம் கழித்துப் போங்கள்.

மலைநாட்டில் இதற்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் விசாரிக்கலாம். நல்ல டிஜிட்டல் எக்ஸ்ரே வைத்திருக்கும் தனியார் மிருக வைத்தியரிடமும் எடுக்கலாம். எங்கே எடுத்தாலும் நாயை மயக்கி, மல்லாக்கக் கிடத்தி, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டி, முழங்கால் சில்லு நடுவில் வரும்படி உள்நோக்கித் திருப்பிப் பிடித்து எடுக்க வேண்டும். படம் திரையில் வந்ததும் மயக்கம் தெளிய முன் நீங்களும் பாருங்கள். இடுப்பெலும்பின் இரு பக்கத்துத் துளைகளும் ஒரே அளவாக இருக்கின்றனவா? தொடையெலும்புகள் இரண்டும் தண்டவாளம் போலச் சமாந்தரமாக ஓடுகின்றனவா? மேலே இடுப்பெலும்பின் விளிம்பும் கீழே முழங்காலும் படத்துக்குள் இருக்கின்றனவா? ஒன்று பிசகினாலும் தரம் பார்ப்பவர்கள் திருப்பி அனுப்புவார்கள். ஒரு பக்கம் சாய்ந்த படத்தில் ஒரு மூட்டு உள்ளதைவிட நல்லதாகவும் மற்றது உள்ளதைவிட மோசமாகவும் தெரியும். சிப் எண்ணும் திகதியும் படம் எடுக்கும்போதே அதில் பதிய வேண்டும். பிறகு பேனாவால் எழுதியது செல்லாது. அதே மயக்கத்தில் இரு முழங்கைகளையும் மடித்துப் பக்கவாட்டுப் படம் எடுத்துவிடுங்கள். நாயை இரண்டாவது முறை மயக்க வேண்டியிராது.

மூட்டு நல்ல தரம் வந்தாலும் குட்டிகள் எல்லாம் நன்றாக வரும் என்ற உத்தரவாதம் இல்லை. பல மரபணுக்களும் வளர்ப்பும் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம் இது. பெற்றோரின் கூடப்பிறந்தவற்றின் முடிவையும் கேட்டுப் பார்ப்பது அதனால்தான். வளர்ப்பு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளில் இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாக இருந்ததை நோர்வேயில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. நம் வீடுகள் எல்லாம் சரிவில், வாசலுக்கு வாசல் படி. குட்டியைத் தூக்கி இறக்குங்கள், வாங்குகிறவரிடமும் அதைச் சொல்லி அனுப்புங்கள்.

மரபணுச் சோதனைக்கு எக்ஸ்ரே அளவு கஷ்டம் இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மிருக மரபணுக் கூடத்துக்கோ ஜேர்மனியின் லபோக்ளினுக்கோ தபாலில் அனுப்பலாம். நம் பக்கத்தில் இதில் கெடுவது ஒரே இடத்தில்தான்: ஈரம். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் துணியே இரண்டு நாள் காயாது. குச்சி மட்டும் எப்படிக் காயும்? ஈரத்தோடு பொலித்தீன் பையில் போட்டு மூடினால் வழியிலேயே பூஞ்சணம் பிடித்து, மாதிரி பயன்படாது என்ற பதில்தான் வரும். எடுத்த குச்சியைப் பஞ்சு எதிலும் படாமல் ஒரு சுத்தமான கண்ணாடிக் கோப்பையில் நிமிர்த்தி, கதவு மூடிய அறையில் சில மணி நேரம் காயவிடுங்கள். அடுப்புக்கு மேலே வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் கடித உறைக்குள் போடுங்கள். மாதிரி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே நாய் எதையும் தின்னக் கூடாது. குட்டிகளிடம் எடுப்பதானால் அதே நேர அளவுக்குத் தாயிடமிருந்து பிரித்து வையுங்கள். வாயில் தாய்ப்பால் இருந்தால் தாயின் அணுக்களும் சேர்ந்து வரும். ஒரு நாய்க்கு எடுத்துக் கை கழுவிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

லெப்ரடோருக்கு என்னென்ன கேட்க வேண்டும்? பி.ஆர்.சி.டி எனப்படும் விழித்திரைச் சிதைவு. கடும் ஓட்டத்துக்குப் பிறகு பின்னங்கால் தளர்ந்து விழும் ஈ.ஐ.சி. தசை மெலியும் சி.என்.எம். இம்மூன்றும் ஒடுங்கு மரபில் வருபவை, அதாவது கெட்ட மரபணு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். முடிவு மூன்று விதமாக வரும்: தெளிவு, சுமப்பது, பாதிப்பு. சுமக்கும் நாயிடம் கெட்ட பிரதி ஒன்று மட்டும் இருப்பதால் அதற்கு நோய் வராது. சுமப்பதும் சுமப்பதும் சேர்ந்தால் குட்டிகளில் சராசரி நான்கில் ஒன்று பாதிப்பு. சுமப்பதும் தெளிவும் சேர்ந்தால் சராசரி பாதிக் குட்டிகள் சுமக்கும், ஒன்றும் பாதிக்கப்படாது. ஆகவே சுமக்கும் நாயை ஒதுக்கிவிட வேண்டியதில்லை, தெளிவான சோடியைத் தேடினால் போதும். நம் தீவில் இனக்கூட்டம் சிறியது. சுமப்பதையெல்லாம் விலக்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது ஒரே கடுவனின் பிள்ளைகளாகத்தான் இருக்கும். அண்ணன் தங்கை சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் உள்ளினக் கலப்புக் கெழு (பெற்றோரின் இரத்த உறவு எவ்வளவு நெருக்கம் என்பதைக் காட்டும் அளவு) 25 சதவீதம், ஒரே தகப்பன் மட்டும் பொதுவானால் 12.5, ஒன்றுவிட்ட சகோதரர்களானால் 6.25. உங்கள் பொட்டையின் பேப்பரையும் கண்டிக் கடுவனின் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து தலைமுறை பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே கடுவனின் பெயர் இரண்டிலும் திரும்பத் திரும்ப வந்தால் வேறு சோடி பாருங்கள்.

மரபணுச் சோதனை தெளிவு என்று வந்துவிட்டால் கண் வைத்தியப் பரிசோதனை தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சோதனை ஒரு திரிபை, அதாவது மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தை மட்டுமே பார்க்கும். கண்புரையும் மற்ற விழித்திரைக் கோளாறுகளும் கண்ணைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் இனவிருத்திக்கு வைத்திருக்கும் நாய்க்கு ஆண்டுக்கு ஒருமுறை கண் பார்ப்பதே முறை.

அல்சேஷன் கடுவனுக்கு இடுப்பு, முழங்கை தவிர முதுகுத்தண்டு சிதையும் டி.எம். பார்க்க வேண்டும், எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் வரும் திரிபு அது. பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல்தான் பின்னங்கால் இழுக்கத் தொடங்கும். அதற்குள் அந்த நாய்க்கு நாலைந்து ஈற்றுக் குட்டிகள் பிறந்து ஊரெல்லாம் போயிருக்கும். நோய் தெரிந்த பிறகு தடுக்க வழி இல்லாததால்தான் முன்கூட்டிய சோதனைக்கு இவ்வளவு மதிப்பு. கூடவே, சில மருந்துகளை மூளைக்குள் போகவிடாமல் தடுக்கும் எம்.டி.ஆர்.1 மரபணுவில் வரும் திரிபு. இது கோலி இனத்தில் பெயர் பெற்றது, அல்சேஷனிலும் சிலவற்றில் உண்டு. இந்தத் திரிபுள்ள நாய்க்குச் சொறிக்குக் கொடுக்கும் அதிக அளவு ஐவர்மெக்டின் மூளைக்குள் போய் உயிரை எடுக்கலாம். நம் தோட்டப் பகுதிகளில் சொறி என்றாலே அந்த ஊசிதான் என்பதால் இதை அலட்சியம் செய்யாதீர்கள். இந்தத் திரிபு தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலே சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் கிராஸ் குட்டிக்கும் இந்த ஆபத்து உண்டு.

எந்தச் சோடியானாலும் சேர்ப்பதற்கு ஒரு மாதத்துக்குள் இரு பக்கத்துக்கும் புருசெல்லா கெனிஸ் இரத்தப் பரிசோதனை. சினை 45 நாள் தாண்டிய பிறகு கரு சிதைவதற்கு இந்தக் கிருமி ஒரு காரணம். மனிதருக்கும் தொற்றும்.

லெப்ரடோர் சோடியைப் பதிவது எப்படி? பொட்டை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிப் பேப்பரும் கையில் இருக்கும், ஆனால் உரிமை மாற்றம் செய்யாமல் சங்கப் புத்தகத்தில் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரே நிற்கும். குட்டி பிறந்த பிறகு அவரைத் தேடி அலைவதைவிட இப்போதே முடியுங்கள். 'இனவிருத்திக்கு அல்ல' என்ற குறிப்பு பேப்பரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், போட்டவர் அதை நீக்கித் தர வேண்டும். கென்னல் பெயர் (உங்கள் குட்டிகளின் பெயரோடு சேர்ந்து வரும் வளர்ப்பகப் பெயர்) வேண்டுமானால் குட்டி பிறக்க முன்பே விண்ணப்பியுங்கள். சேர்த்த அன்றே கடுவன் சொந்தக்காரரிடம் கையொப்பம் வாங்குங்கள். கூலியாகக் குட்டியா காசா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். குட்டிகளைப் பார்த்த பிறகு 'எனக்கு இரண்டு வேண்டும்' என்று கையொப்பத்தை நிறுத்தி வைப்பதுதான் பதிவு தடைப்படும் முதல் காரணம். பிறந்ததும் ஆண், பெண், நிறம், இறந்தவை எல்லாவற்றையும் எழுதிக் காலக்கெடுவுக்குள் அறிவியுங்கள். படிவம், கட்டணம், கெடு மூன்றையும் சேர்ப்பதற்கு முன்பே சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். 6 முதல் 8 வாரத்தில் ஒவ்வொரு குட்டிக்கும் சிப்.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். உங்கள் பெயரும் முதலெழுத்துகளும் அடையாள அட்டையில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். ஒரு தாளில் தகப்பன் பெயர் முன்னும் இன்னொன்றில் பின்னும் வந்தால் இரண்டு ஆட்களாகிவிடும். லயத்து முகவரிக்கு வரும் தபால் தோட்டக் கந்தோரில் தங்கிவிடுவதும் நடக்கிறது. பதிவுத் தபாலாகக் கேளுங்கள், அல்லது டவுனில் உள்ள நம்பிக்கையான ஒரு முகவரியைக் கொடுங்கள்.

அவிழ்த்துவிட்ட நாய்கள் சுற்றும் இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்கள் இருக்க முடியும். கண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்த இரண்டாம் நாள் வேலி தாண்டி வந்த நாட்டுக் கடுவனோடும் சேர்ந்தால், சில குட்டி இதற்கு, சில குட்டி அதற்கு. விந்து பொட்டையின் உடலில் பல நாள் உயிரோடு இருக்கும். ஆகவே உதிரம் தொடங்கியதிலிருந்து குறைந்தது 21 நாள், அதற்குப் பிறகும் அவள் கடுவனை விரட்டத் தொடங்கும் வரை, பூட்டிய அறை. மரக்கம்பு வேலி போதாது. சந்தேகம் வந்தால் மறைக்காமல் எல்லாக் குட்டிக்கும் டி.என்.ஏ தகப்பன் சோதனை செய்யுங்கள். பிறகு அறிவித்தால் போதும்.

அடுத்து கிராஸ். அல்சேஷன் தகப்பனுக்குப் பிறந்த குட்டியை எந்த இனப் புத்தகமும் லெப்ரடோர் என்றோ அல்சேஷன் என்றோ பதியாது. தாய் தகப்பன் இருவருக்கும் பேப்பர் இருந்தாலும் குட்டிக்கு வம்சாவளிச் சான்றிதழ் கிடையாது. வெளிநாட்டில் கலப்பின நாய்களைப் பதியும் ஏற்பாடுகள் உண்டு: அமெரிக்கன் கென்னல் கிளப்பின் கெனைன் பார்ட்னர்ஸ், பிரிட்டிஷ் கென்னல் கிளப்பின் ஆக்டிவிட்டி ரெஜிஸ்டர். இவை போட்டிகளில் கலந்துகொள்வதற்கானவை, வம்சத்துக்குச் சான்று அல்ல. காசு அனுப்பினால் பார்டர் போட்ட சான்றிதழ் அச்சடித்துத் தரும் இணையக் கடைகளிடம் போகாதீர்கள். அந்தத் தாளைக் காட்டி விற்றால் வாங்குகிறவரை ஏமாற்றியதாகிவிடும்.

ஆனால் உடல்நலப் பதிவு கிராஸ் நாய்க்கும் திறந்தே இருக்கிறது. ஓ.எஃப்.ஏ கலப்பு நாயின் எக்ஸ்ரேயையும் தரம் பார்க்கும், மரபணுக் கூடங்கள் எந்த நாயின் மாதிரியையும் வாங்கும். கிராஸ் என்றால் நோய் வராது என்ற பேச்சு பாதி உண்மைதான். இரண்டு இனத்திலும் ஒரே கோளாறு இருந்தால் கலப்பு எதையும் காப்பாற்றாது. இடுப்பு மூட்டு இந்தச் சோடியில் இரு பக்கமும் உள்ள பிரச்சினை. லெப்ரடோரையும் பூடிலையும் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மேலே சொன்ன பி.ஆர்.சி.டி திரிபு இரண்டு இனத்திலும் அச்சு அசலாக ஒன்றே. இரு பக்கமும் சுமந்தால் குருட்டுக் குட்டி கிராஸிலும் பிறக்கும்.

சோதனையோடு செய்த கலப்பு ஓர் இனத்தையே மீட்டதும் உண்டு. டல்மேஷன் இனம் முழுக்கச் சிறுநீரில் யூரிக் அமிலம் கூடிக் கல் அடைக்கும் ஒரு திரிபு பரவியிருந்தது. தெளிவான நாயே அந்த இனத்துக்குள் இல்லை. 1973இல் அமெரிக்க மரபியலாளர் ரொபர்ட் ஷைபிள் ஒரே ஒருமுறை பொயின்டர் நாயோடு சேர்த்து, வந்த குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக டல்மேஷனோடே திரும்பச் சேர்த்தார். நல்ல மரபணு தங்கியது, புள்ளியும் உருவமும் திரும்பின. 2011இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழிவந்தவற்றைப் பதிவுக்கு ஏற்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த நாயில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

ஆகவே கிராஸ் ஈற்றுக்கு நீங்களே ஒரு கோப்புத் தயாரியுங்கள். தாய் தகப்பன் இருவரின் சிப் எண், பேப்பர் பிரதி, எக்ஸ்ரே தரம், கண் அறிக்கை, மரபணு முடிவின் முழுத் தாள், புருசெல்லா அறிக்கை, சேர்த்த திகதிகள், பிறந்த திகதி, ஒவ்வொரு குட்டியின் சிப் எண், தடுப்பூசி, பூச்சி மருந்து கொடுத்த நாட்கள். 'லெப்ரடோர் அல்சேஷன் கிராஸ், இனப் பதிவு இல்லை' என்று முதல் தாளிலேயே தெளிவாக எழுதிக் கையொப்பம் வையுங்கள். வாங்குகிறவர் பிரதேச சபையில் பதியும்போது சிப் எண்ணையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒடுங்கு மரபு நோய்களில் பெற்றோர் இருவரும் தெளிவு என்று வந்த ஒவ்வொன்றுக்கும் குட்டிகளும் தெளிவு என்று எழுதலாம், தகப்பன் இன்னான் என்பது டி.என்.ஏயால் உறுதியானால் மட்டும். அந்தக் குட்டிகளும் பின்னால் குட்டி போடுவதானால் அடுத்த தலைமுறையைப் புதிதாகச் சோதிப்பதே நல்லது.

உங்கள் பொட்டைக்கு இந்த வாரம் செய்ய வேண்டியவை சிப்பும் உரிமை மாற்றமும். கன்னக் குச்சியையும் சிப் போட்ட பிறகு உடனே அனுப்பலாம், அதற்கு வயது ஒரு தடையல்ல. இடுப்பு எக்ஸ்ரே 24 மாதம் முடிந்து, உதிரம் இல்லாத ஒரு நாளில். இதற்குள் அல்சேஷன் சொந்தக்காரரிடம் டி.எம். முடிவும் எம்.டி.ஆர்.1 முடிவும் கேட்டுப் பாருங்கள். கண்டிக் கடுவனின் இடுப்பு எண்ணைக் கேட்கும்போது கடைசி எழுத்துகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.